யாரது

ஒரு நாளைக்கு ஐம்பது வீடு.
மஞ்சக்குப்பத்தில் ஆரம்பித்தால்
கெடிலம் பாலத்துக்கு முன்னாலேயே மதியம் ஆகிவிடும்.
கழுத்தில் அட்டை, கையில் டார்ச்,
தோள் பையில் அபேட் மருந்து.
"யாரது?"
"முனிசிபாலிட்டிலேர்ந்து வர்றோம்மா, தொட்டி பாக்கணும்."
"வீட்ல ஆள் இல்ல" என்கிறது
ஆளின் குரல்.

ரஹ்மத்துன்னிசா வீட்டு வாசலில்
மூன்று வாரம் இப்படியே நின்றிருக்கிறேன்.
அட்டையில் என் போட்டோ, முத்திரை,
தையல்நாயகி என்று பெயர்,
தினக்கூலி என்பது மட்டும் இல்லை.
கம்பிக் கதவுக்கு அந்தப் பக்கம்
காலில் வெள்ளை வளையம் போட்ட ஒன்று
என்னைக் கேட்காமல் உள்ளே போனது.

ஃபேன் ஓடாத ஒரு பயிற்சி வகுப்பில்
டாக்டர் ஹெப்சிபா படம் காட்டினார்.
டெங்கு வைரஸ் ஒரு பந்து.
மேலே தொண்ணூறு ஜோடிப் புரதம்
டைல்ஸ் பதித்த மாதிரி படுத்துக் கிடக்கும்.
முள் இல்லை, கொம்பு இல்லை, வழவழப்பு.

செல்லின் மேலே சர்க்கரை இழைகள்
பாசிபோல் ஆடிக்கொண்டிருக்குமாம்.
அதில் ஒட்டும், நழுவும், மறுபடி ஒட்டும்,
பிடிமானம் கிடைக்கும்வரை.
பிறகு உடைப்பதில்லை, தட்டுவதில்லை.
செல்லே தன் தோலை உள்பக்கமாக மடித்து
ஒரு பை செய்து
அதை எடுத்துக்கொண்டு போகிறது,
கடைக்குப் போய் வந்த மாதிரி.

கொண்டுபோனது செரிப்பதற்குத்தான்.
பைக்குள் மெல்லப் புளிப்பு ஏறுகிறது.
அந்தப் புளிப்புக்காகத்தான் அது காத்திருந்தது.
படுத்திருந்த டைல்ஸ் எழுந்து
மும்மூன்றாகக் கைகோத்து
நுனியைப் பையின் சுவரில் குத்துகிறது.
ரசத்தின் மேல் இரண்டு எண்ணெய்ப் பொட்டு
சட்டென்று ஒன்றாகுமே, அப்படி
அதன் தோலும் பையின் தோலும் கலந்துவிடுகின்றன.
திறந்த வழியாக இறங்குகிறது
ஒரே ஒரு நூல்.

வார்டு நோட்டின் பின்பக்கத்தில் எழுதிக்கொண்டேன்:
மாவு புளித்தால் தோசை, பை புளித்தால் காய்ச்சல்.
கடைசி வரிசை பச்சையப்பன் கேட்டான்:
"புளிக்காம பண்ணிட முடியாதா மேடம்?"
"லேப்ல முடியுது. மனுசன்கிட்ட இன்னும் சரியா வரல."
டீ வந்தது. வகுப்பு முடிந்தது.

ஐப்பசியில் எனக்கே வந்தது.
இரண்டாம் முறை.
எட்டு வருஷத்துக்கு முன்னால் வந்தது லேசு,
நிலவேம்பைக் குடித்துவிட்டு வேலைக்குப் போனேன்.
அன்றைக்கு உடம்பு செய்துவைத்த காவல்காரர்கள்
அதற்குப் பிறகும் ரத்தத்தில் ரோந்து சுற்றியிருக்கிறார்கள்.
இம்முறை வந்தது அதே ஜாடை,
வேறு வகை.
பிடித்தார்கள். அடக்கப் பிடி போதவில்லை.
விடவும் தெரியவில்லை.
பிடித்தபடியே
விழுங்கும் வேலை பார்க்கிற வெள்ளை அணுவிடம் கொண்டுபோய்
நிறுத்தியிருக்கிறார்கள்.
அது காவல்காரன் கையைப் பார்த்தது,
கதவைத் திறந்தது.

பெரியாஸ்பத்திரி. தட்டணு இருபத்திரண்டாயிரம்.
சிப்காட்டில் நைட் ஷிஃப்ட் முடித்த அவர்
இளநீரோடு வந்து
நாற்காலியிலேயே தூங்கிப்போனார்.
பல் துலக்கினால் ரத்தம்.
பக்கத்துக் கட்டிலில் ஒரு பையன்,
அவனுக்கு விசிறிக்கொண்டிருந்தவர் திரும்பினார்.
ரஹ்மத்துன்னிசா.
என் கழுத்தில் அட்டை இல்லை, இருந்தும்
"தொட்டி பாக்க வர்ற பொண்ணுதானே நீ?"
தலையாட்டினேன்.
கொஞ்ச நேரம் விசிறி மட்டும் சத்தம் போட்டது.
"எங்க வீட்ல ஒண்ணும் கெடயாது.
பக்கத்து வீட்லதான் டயர் போட்டு வச்சிருக்கான்."

கார்த்திகை பாதியில் வேலைக்குத் திரும்பினேன்.
முழங்கால் இன்னும் படியேற யோசித்தது.
அந்த வாசலில் நான் பெல் அடிக்கவில்லை,
அவரே திறந்தார்.
தொட்டி சுத்தம். பூந்தொட்டி சுத்தம்.
ஃப்ரிட்ஜுக்குப் பின்னால் குனிந்து
தண்ணீர் சொட்டும் தட்டை இழுத்து
டார்ச் அடித்தேன்.
துள்ளித் துள்ளி வளைந்தன,
முடியை நறுக்கிப் போட்ட அளவில்.
"இதுலயா?"

கொல்லைப்புறம் எடுத்துப்போய்க் கவிழ்த்தேன்.
வெயில் விழுந்த சிமெண்டில் ஈரம் சுருங்கிச் சுருங்கி
ஓரம் வெளுக்கும்வரை
இருவரும் பார்த்துக்கொண்டு நின்றோம்.
"அவ்ளோதானா?" என்றார்.
கதவுக்குப் பின்னால் தொங்கிய கார்டில்
தேதி போட்டேன்.
அடுத்த வீட்டில்
ஆள் இல்லை என்றார்கள்.